கடல் தாண்டிப் போகும்போது கைச்செலவுக்கு என்ன வழி?

வற்றல் குழம்பும் கூழ் வடகமும் எழுத வேண்டியவள் பாங்க் விஷயம் எழுத வந்துவிட்டாளே என்று நினைக்கிறீர்களா? 2025 மே மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். பாங்க், கார்டு, பின் நம்பர் எல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்; நமக்குப் பால் கணக்கும் மளிகைச் சீட்டும் சரியாக இருந்தால் போதும் என்று. ஒரு வாரம் சிங்கப்பூரும் மலேசியாவும் போய்விட்டு வந்த பிறகு அந்த நினைப்பு அடியோடு போய்விட்டது. பள்ளிக்கூட லீவில் குழந்தைகளோடு வெளிநாடு கிளம்பும் சகோதரிகள் இப்போது நிறையப் பேர். அதனால் பட்டதைப் பட்டபடி சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் திருச்சி, உறையூர். இங்கிருந்தே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேராக விமானம் இருக்கிறது. இருந்தும் என்ன, பத்து வருஷமாக "போகலாம், போகலாம்" என்றே ஓடிவிட்டது. ஒரு வழியாக நாள் பார்த்தபோது டிக்கெட்டும் ஹோட்டலும் இவர் பொறுப்பு என்று ஆயிற்று. "கைச்செலவு என் பங்கு" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். ரவிக்கை தைத்தும், புடவைக்கு ஃபால்ஸ் அடித்தும் சேர்த்த பணம் 85,000 ரூபாய் என் பெயரில் பாங்க்கில் இருந்தது. ஐந்து வருஷச் சேமிப்பு.

அந்தக் கணக்குக்கு ஒரு டெபிட் கார்டும் உண்டு. எங்கே என்கிறீர்கள்? பீரோவில், கூறைப் புடவைக்கு அடியில், வந்த கவரிலேயே! அதன் பின் நம்பர் என் கணவருக்குத் தெரியும். பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டுக் கதையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். நம் வீட்டு அரிசிப் பானையில் கைவிட்டு எடுப்பது டெபிட் கார்டு. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி மாதக் கடைசியில் திருப்புவது கிரெடிட் கார்டு. பானையில் இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது என்பதால் எனக்கு முன்னதுதான் நிம்மதி.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது பாங்க்குக்குப் போனேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண். என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உள்நாட்டுக் கார்டு. வெளிநாட்டில் ஓடாதே" என்றாள். ருபே கார்டிலேயே வெளிநாட்டுக்கென்று தனி ரகம் இருக்கிறதாம். விசா, மாஸ்டர்கார்டு என்று போட்ட கார்டுகளும் உண்டு. என்னிடம் இருந்தது இந்த எதிலும் சேர்த்தி இல்லை. கவரைப் பிரிக்காமலே விமானம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! விசா கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் தபாலில் வந்தது.

வந்தவுடன் அது வேலை செய்துவிடாது. 2020-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. புதுக் கார்டு கொடுக்கும்போது நம் நாட்டு ஏ.டி.எம்.மும் நம் நாட்டுக் கடைகளில் உள்ள மெஷினும் மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகம், ஆன்லைன், மெஷினில் தட்டியே பணம் கட்டுவது இவையெல்லாம் மூடியிருக்கும். வேண்டியதை நாமேதான் திறந்துகொள்ள வேண்டும். ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கிறோமே, அந்த மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடியிருக்கிறது என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்க முயன்றால் திண்டாட்டம்தானே! பாங்க்கின் போன் ஆப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அளவும் வைக்கலாம். நான் 15,000 ரூபாய் என்று வைத்தேன்.

அந்தப் பெண் அப்புறம் கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி. "ஓ.டி.பி. யாருக்கு அம்மா போகும்?"

பார்த்தால், என் கணக்கில் பதிந்திருந்தது என் கணவரின் போன் நம்பர். பணம் என்னுது, கார்டு என்னுது, கதவின் சாவி மட்டும் இவர் பையில்! அன்றைக்கே என் நம்பரைப் பதிந்து கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் முகம் கொஞ்சம் சுருங்கிப்போயிற்று. "ஏன், என் நம்பர் இருந்தா என்ன?" என்றார். "அதுக்கில்லீங்க. புது ஊரில் நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு ஆயிட்டா என்ன பண்றது?" என்றேன். இவர் பதில் பேசவில்லை. இரண்டு நாள் பேப்பர் படிக்கிற நேரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான். பின் நம்பரையும் ஏ.டி.எம்.மில் நானே மாற்றிக்கொண்டேன். மகனிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்கும் கோபம்.

நூற்றுக்கு நாலு ரூபாய்ச் சொச்சம்

அடுத்து, இந்தக் கார்டைத் தேய்ப்பதற்கு என்ன கூலி என்று கேட்டேன். கடையில் புடவையைப் புரட்டிப் பார்க்கிற நாம் பாங்க்கில் மட்டும் ஏன் கூச்சப்படவேண்டும்? அந்தப் பெண் ஒரு சலானின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்தால் 3.5 சதவீதம். அந்தக் கூலியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக நூறு ரூபாய்ச் சாமானுக்கு 4 ரூபாய் 13 காசு கூடுதல். ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுத்தால் இதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 125 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். இது என் பாங்க் கணக்கு. பாங்க்குக்குப் பாங்க், கார்டுக்குக் கார்டு மாறும். குறைவாக வாங்குகிறவர்களும் உண்டு. கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் வேறு வழி பார்த்தார். ஃபாரெக்ஸ் கார்டு என்று ஒன்றில் முன்பணம் கட்டிச் சிங்கப்பூர் டாலராகவே ஏற்றிக்கொண்டார். ஏற்றும் அன்றைக்கு என்ன விலையோ அதே விலை. பிறகு டாலர் ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை. ஒரு நாட்டுக்கு மட்டும் போகிறவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் சிங்கப்பூர் டாலரை ஏற்றிக்கொண்டு போய் மலேசியாவில் ரிங்கிட்டாகச் செலவழித்தால் மாற்றுக் கூலி மறுபடி விழும்.

ரொக்கமும் வேண்டும்தான். 400 சிங்கப்பூர் டாலரும் 300 ரிங்கிட்டும் திருச்சியிலேயே லைசென்ஸ் உள்ள கடையில் மாற்றினோம். வெளிநாட்டு நோட்டாகத் தலைக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கொண்டுபோகலாம். நம் ரூபாய் நோட்டு 25,000 வரை கையில் இருக்கலாம். டெபிட் கார்டில் அங்கே செலவழிப்பதும் வருஷத்துக்குத் தலைக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற வரம்பில் சேரும் என்று இவர் சொன்னார். 2025 ஏப்ரலிலிருந்து, இந்த மாதிரிச் செலவு வருஷத்தில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் முன்கூட்டி வரி பிடிப்பார்களாம். ரவிக்கை தைக்கிறவளுக்கு அந்தக் கவலை ஏது!

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறப் போனோம். சிங்கப்பூரில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தனியாக டிக்கெட் வாங்கவேண்டாம். விசா அல்லது மாஸ்டர்கார்டை வாசலில் உள்ள தகட்டில் தட்டினால் கேட் திறக்கும். இறங்கும் இடத்தில் அதே கார்டைத் தட்டவேண்டும். இவர் தட்டினார், திறந்தது. நான் தட்டினேன், சிவப்பு விளக்கு. மறுபடி தட்டினேன். மறுபடியும் சிவப்பு. பின்னால் பத்துப் பேர் வரிசையில். எனக்கு வேர்த்துவிட்டது.

என்ன ஆயிற்று தெரியுமா? வெளிநாட்டு உபயோகம் என்ற சுவிட்சைத் திறந்தேனே தவிர, தட்டிப் பணம் கட்டும் சுவிட்சைத் திறக்கவில்லை. அது தனி! ஓரமாக நின்று விமான நிலைய வைஃபையில் ஆப்பைத் திறந்தேன். ஓ.டி.பி. வந்தது, என் போனுக்கே. கிளம்புமுன் ரோமிங் போட்டிருந்ததால் பிழைத்தேன். இல்லாவிட்டால் பாங்க் அனுப்பும் எஸ்.எம்.எஸ். எப்படி வந்து சேரும்? "அம்மா பாஸாயிட்டாங்க" என்று மகன் கைதட்டினான். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டில் நாலு பேரும் நுழைய முடியாது. பிள்ளைகளுக்கு ஈஸி லிங்க் என்ற ரயில் கார்டு வாங்கினோம். வெளிநாட்டு பாங்க் கார்டைத் தட்டுகிறவர்களுக்கு உபயோகித்த நாள் ஒவ்வொன்றுக்கும் 60 காசு கூடுதலாக எடுக்கிறார்கள். நம் கணக்கில் 40 ரூபாய். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கினால் அது பெரிசாகத் தெரியாது.

சாப்பாட்டுக்குக் கார்டை நம்ப வேண்டாம். டேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் சுடச்சுடத் தோசையும் பிரியாணியும் கிடைக்கின்றன. ஆனால் பல கடைகளில் ரொக்கம், இல்லையென்றால் அந்த ஊர் க்யூ.ஆர். நம்மூர் யு.பி.ஐ.யைச் சிங்கப்பூரில் சில இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள் என்றாலும், அதை நம்பிக் குழந்தைகளைப் பசியோடு உட்காரவைக்க முடியுமா? கொண்டுபோன 400 டாலர் நோட்டு பெரும்பாலும் வயிற்றுக்கே போயிற்று.

இனிச் சொல்லப்போவதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடையில் செண்ட், சாக்லேட், மாமியாருக்கு ஒரு சால்வை, மகளுக்குக் கைக்கடிகாரம் என்று வாங்கி 186 டாலர் பில் ஆயிற்று. கார்டைச் செருகினேன். மெஷின் திரையில் இரண்டு தொகை வந்தது. ஒன்று 186 சிங்கப்பூர் டாலர். இன்னொன்று இந்திய ரூபாயில் 13,200 சொச்சம். "ரூபாயிலேயே கட்டுங்கம்மா, உங்களுக்குக் கணக்குச் சுலபம்" என்றார் கடைப்பையன், நல்ல தமிழில். எனக்கும் ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. விரல் அதன் மேல் போய்விட்டது.

நல்லவேளை, சலானின் பின்பக்கம் அந்த பாங்க்குப் பெண் கடைசி வரியாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தது ஞாபகம் வந்தது: "அந்த ஊர் பணத்திலேயே கட்டவும்." கையை இழுத்துக்கொண்டு டாலரை அழுத்தினேன். ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றைக்கு ஒரு டாலர் ஏறக்குறைய 66 ரூபாய். 186 டாலருக்கு 12,276 ரூபாய். பாங்க் கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தாலும் 12,783 ரூபாய். ரூபாயில் கட்டியிருந்தால் மெஷின்காரர்கள் டாலரை 71 ரூபாய் என்று கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்! 400 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். அதோடு முடியாது. ரூபாயில் கட்டினாலும் வெளிநாட்டுக் கடை என்பதால் நம் பாங்க்கும் தன் கூலியைப் போடக்கூடும். ஒரே பாலுக்கு இரண்டு பேர் தண்ணீர் ஊற்றுகிற கதை. ரூபாய் என்று காட்டுவது நம் மேல் உள்ள அன்பினால் அல்ல. மாற்றித் தருகிற லாபம் அவர்களுக்கு. இது கடைக்கு மட்டும் இல்லை, ஏ.டி.எம்.மிலும் ஹோட்டலிலும் இதே கேள்வி வரும். எங்கே வந்தாலும் பதில் ஒன்றுதான். கடைக்காரர் கையில் மெஷினைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தால் அவர் தன் பாட்டுக்கு ரூபாயை அழுத்திவிடக்கூடும். திரையை நாமே பார்க்கவேண்டும்.

பத்துமலையிலிருந்து திரும்பும்போது

சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் கோலாலம்பூர். ஹோட்டலில் அறைக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் என்று வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி கேட்டார்கள். அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். அதோடு 200 ரிங்கிட் டெபாசிட். இவர் தன் டெபிட் கார்டை நீட்டினார். டெபாசிட்டுக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டானால் அந்தத் தொகையைக் கணக்கில் நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். டெபிட் கார்டிலோ நம் சொந்தப் பணமே பிடிபட்டு நிற்கும். அறையைக் காலி செய்த பிறகும் திரும்பி வரப் பல நாள் ஆகும். எங்களுக்கு 19 நாள் ஆயிற்று. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சாவியைக் கொடுக்கும்போதே கையில் வந்திருக்கும்.

மறுநாள் பத்துமலை. 2006-ல் அமைத்த 140 அடி முருகன் சிலையை நிமிர்ந்து பார்க்கவே கழுத்து வலிக்கிறது. வண்ணம் தீட்டிய 272 படி. என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் நான் ஏறியதே அவன் அருள்தான். மகள் குரங்குகளைப் பார்த்துப் பயந்து அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டாள். அர்ச்சனை முடித்து ரயிலில் பட்டணத்துக்குத் திரும்பி இறங்கினோம். இவர் பின் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

பர்ஸைக் காணோம். எங்கே விழுந்ததோ, யார் எடுத்தார்களோ. அதில் இவருடைய டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு, மிச்சமிருந்த ரிங்கிட் நோட்டு எல்லாம். பாஸ்போர்ட்டுகள் ஹோட்டல் லாக்கரில் இருந்தன, முருகா! என் கைப்பையில் 22 ரிங்கிட்டும் என் கார்டும். ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு நாள்.

முதல் வேலை, தொலைந்த கார்டுகளை நிறுத்தவேண்டும். அந்தப் பக்கத்துக் கடைகளில் 250 ரிங்கிட் வரை பொதுவாகப் பின் நம்பர் கேட்காமல் தட்டியே வாங்கிவிடுகிறார்கள். யார் கையில் கார்டு இருக்கிறதோ அவர் தட்டலாமே! இவர் பாங்க்கின் 1800 என்று ஆரம்பிக்கும் இலவச நம்பரைக் கூப்பிட்டார். போகவே இல்லை. அந்த மாதிரி நம்பர்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கூப்பிட 91 சேர்த்த வேறு நம்பர் கொடுத்திருப்பார்கள். அது எங்கே இருக்கும்? கார்டின் பின்னால். கார்டு எங்கே? அதுதான் இல்லையே!

பால் கணக்கு எழுதும் சின்ன நோட்டு ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். கிளம்பும் முன்தினம் எல்லாக் கார்டுகளின் கடைசி நாலு எண்ணையும், பின்னால் இருந்த போன் நம்பரையும் அதில் எழுதி வைத்திருந்தேன். பின் நம்பரை எழுதவில்லை. அதை எங்கேயும் எழுதக்கூடாது. எழுதும்போது "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டவர் இப்போது நடைபாதையில் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். இருபது நிமிஷத்தில் மூன்று கார்டும் நின்றன. நல்ல காலம், அதற்குள் யாரும் உபயோகிக்கவில்லை. நம் தவறு இல்லாமல் வெளியார் யாராவது நம் கணக்கில் கை வைத்தால், மூன்று வேலை நாளுக்குள் பாங்க்குக்குத் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆனால் பின் நம்பரை நாமே யாரிடமாவது சொல்லி அதனால் பணம் போனால், பாங்க்குக்குச் சொல்லும் வரை போனது நம் தலையில்தான். ஆகவே மணிக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் நிறுத்திவிடுங்கள். கிடைத்தால் வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம்.

கஷ்டம் தனியாக வராதே. அன்று ராத்திரி மகளுக்கு வாந்தி, உடம்பு கொதித்தது. வெயிலில் படியேறியதும், ஐஸ் போட்ட சர்பத்தும் ஒத்துக்கொள்ளவில்லை போலும். பக்கத்துத் தெருவில் ஒரு கிளினிக். அங்கெல்லாம் மருந்துக் கடைக்குத் தனியாகச் சீட்டு எழுதுவது குறைவு. டாக்டரிடமே மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். ஊசி இல்லை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் காய்ச்சல் மருந்தும். 95 ரிங்கிட். கையில் 22.

மேஜைக்கு அந்தப்புறம் இருந்த பெண் மெஷினை நீட்டினாள். இவர் கை பழக்கத்தில் பின் பாக்கெட்டுக்குப் போய் வெறுமனே திரும்பி வந்தது. நான் என் கார்டைத் தட்டினேன். டிங் என்று சத்தம். என் போனில் எஸ்.எம்.எஸ். வந்து விழுந்தது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். இவர் ஒன்றும் பேசவில்லை. ஹோட்டல் வாசலில், "அந்தப் பாக்கெட்டை என்கிட்டக் கொடு, நான் கரைச்சுத் தர்றேன்" என்றார். அவ்வளவுதான். (ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் கேட்பார்கள்.)

மறுநாள் ரொக்கம் எடுக்கவேண்டியிருந்தது. தெருவோரத்து மெஷின் வேண்டாமென்று ஒரு பாங்க்கின் உள்ளேயே இருந்த ஏ.டி.எம்.முக்குப் போனேன். மலேசியாவில் உள்ளூர்க்காரர்களுக்கு ஆறு எண் பின். நமக்கு நாலுதான். பயப்பட வேண்டாம், நாலையும் அழுத்திவிட்டு என்டரை அழுத்தினால் போதும். எந்தக் கணக்கு என்று கேட்டதற்கு சேவிங்ஸ். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று மெஷின் கேட்டது. வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் பணமே தராதோ என்று நெஞ்சு ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டது. தரும். தந்தது.

எவ்வளவு எடுப்பது என்று முன்பே யோசித்திருந்தேன். ரிங்கிட் அப்போது சுமார் 20 ரூபாய். 600 ரிங்கிட் எடுத்தால் 12,000 ரூபாய். கூலியெல்லாம் சேர்ந்து 643 ரூபாய். அதையே நூறு நூறாக ஆறு தடவை எடுத்தால் கூலி மட்டும் 1,380 ரூபாய்! ஒவ்வொரு தடவையும் அந்த 125 வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஊர் மெஷின் தன் பங்குக்கும் ஏதாவது கேட்கலாம். கேட்டால் திரையில் சொல்லும். பிடிக்காவிட்டால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பாங்க் மெஷினைப் பார்க்கலாம். மொத்தமாக ஒரு தடவை எடுத்து, இரண்டு இடத்தில் பிரித்து வைத்துக்கொண்டேன். பாதி என் பையில், பாதி இவர் சட்டை உள்பாக்கெட்டில். பின் பாக்கெட் என்ற பேச்சே இனி எங்கள் வீட்டில் கிடையாது.

ஹோட்டல் பாக்கிக்கு 15,000 என்ற தினசரி அளவு போதவில்லை. அதை ஆப்பில் உயர்த்தி, கட்டி முடித்ததும் மறுபடி இறக்கினேன். ஓ.டி.பி. என் போனுக்கு வந்தது என்று சொல்லவேண்டுமா?

கார்டை நம்பிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சம்பளம் விழும் கணக்கின் கார்டையோ, டெபாசிட்டெல்லாம் பின்னிக் கிடக்கும் கணக்கின் கார்டையோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிரயாணத்துக்கு வேண்டியதை மட்டும் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கார்டைக் கொண்டுபோங்கள். போனாலும் அதோடு போகும். கணவன் மனைவி இரண்டு பேர் கார்டும் ஒரே பர்ஸில் இருக்கக்கூடாது. திருச்சிக்கு வந்து இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், பெட்டியைப் பிரிப்பதற்கு முன், வெளிநாட்டுச் சுவிட்சை மூடினேன். வெளிநாட்டு இணையக் கடைகள் சிலவற்றில் ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் எடுத்துவிட முடியுமாம். திறந்து போட்டு வைப்பானேன்?

பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். கார்டில் செலவழித்தது, எடுத்தது எல்லாம் சேர்த்து 58,400 ரூபாய். அதில் பாங்க் கூலி 2,400-க்குச் சற்று மேல். இரண்டு பட்டு ரவிக்கை ஆரி வேலைக்கான காசு. போனால் போகிறது.

போன வாரம் என் நாத்தனார் போன் பண்ணினாள். அவர்கள் வீட்டில் தாய்லாந்து போகிறார்களாம். தாய்லாந்து ஏ.டி.எம்.களில் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட், சில இடங்களில் அதற்கும் மேல், அந்த ஊர் பாங்க்கே பிடித்துக்கொள்ளும். அதனால் அடிக்கடி எடுக்காதே என்று சொன்னேன். ரூபாயில் மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லு என்றேன். எல்லாவற்றுக்கும் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று கேட்டுக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும், உன் கணக்குல யார் போன் நம்பர் இருக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருங்க அண்ணி, அவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.